‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் இந்த வரி எங்கே இருக்கு? ஒரு மேற்கோளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கியர்மோ டெல் டோரோ இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 2025 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. படம் முடியும்போது திரையில் ஒரு கவிதை வரி வரும். மனசு உடைவதைப் பற்றிய வரி. ஸ்டேட்டஸில் வைப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். படத்தின் பெயர் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்பதால், வரியும் மேரி ஷெல்லியின் நாவலில் இருந்து வந்தது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சலித்தாலும் அது கிடைக்காது. எழுதியவர் ஆங்கிலக் கவிஞர் பைரன். ‘சைல்ட் ஹெரால்ட்ஸ் பில்கிரிமேஜ்’ என்ற அவருடைய நெடுங்கவிதையின் மூன்றாம் காண்டத்தில் வருகிறது.

மேற்கோள் தேடுவதில் இது எளிதான கேஸ். ஃபிராங்கன்ஸ்டைன் விஷயத்தில் இதைவிடச் சிக்கலான கேஸ்கள் நிறைய உண்டு. நாவலில் இருக்கும், ஆனால் வேறு கவிஞர் எழுதியது. மேரி எழுதியது, ஆனால் நாவலுக்குள் இல்லை. நாவலிலும் இருக்கும், மேரியும் எழுதியது, ஆனால் நீங்கள் வைத்திருக்கும் புத்தகத்தில் இருக்காது. என்ன குழப்பம் இது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரி யாருடையது என்பது ஏன் முக்கியம்?

ஸ்டேட்டஸில் பெயர் மாறிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஃபிராங்கன்ஸ்டைன் இப்போது இலக்கிய வகுப்பில் மட்டும் பேசப்படும் புத்தகம் இல்லை. மரபணு மாற்றப் பயிரிலிருந்து ஏ.ஐ. வரை, புதிய தொழில்நுட்பம் எது வந்தாலும் அதை எச்சரிக்கையாக இழுத்துக் கொண்டுவருகிறார்கள். ரோபோக்களுக்கான சிவில் சட்ட விதிகள் குறித்து ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017 பிப்ரவரியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் முன்னுரைப் பத்திகளில் முதலாவதே மேரி ஷெல்லியின் படைப்பைப் பெயர் சொல்லித்தான் தொடங்குகிறது.

அந்த அளவுக்குச் செல்வாக்குள்ள புத்தகம். அப்படியிருக்க, அதிலிருந்து ஒரு வரியை எடுத்து ‘மேரி ஷெல்லி அன்றே எச்சரித்தார்’ என்று ஒருவர் மேடையில் சொன்னால், அதை எழுதியது அவர்தானா, அவர் அதை யார் வாயில் வைத்தார் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. தவிர, மேரி ஷெல்லியிடமிருந்து அவருடைய வார்த்தைகள் பறிபோவது புதிதல்ல. புத்தகம் வெளிவந்த நாளிலேயே அது தொடங்கிவிட்டது.

1818: பெயரில்லாமல் வந்த புத்தகம்

கதை 1816 கோடையில் தொடங்குகிறது. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815-ல் வெடித்ததன் பின்விளைவாக, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குளிரும் மழையும். ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் தங்கியிருந்த வில்லா டியோடாட்டியில், வெளியே போக முடியாமல் அடைபட்ட நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்கிறார்கள். அப்போது மேரிக்கு வயது 18.

நாவல் 1818 ஜனவரி 1 அன்று லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தது. அச்சிட்டது 500 பிரதிகள். அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையை எழுதியவர் மேரியின் கணவர், கவிஞர் பெர்சி ஷெல்லி. ஆனால் நாவலாசிரியரே பேசுவது போல ‘நான்’ என்று எழுதியிருந்தார். விளைவு? அந்தக் காலத்தின் பெரிய எழுத்தாளரான வால்டர் ஸ்காட், ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் எழுதிய பாராட்டு விமர்சனத்தில் நாவலைப் பெர்சி எழுதியதாகவே கருதினார். மேரியின் பெயர் புத்தகத்தில் அச்சேறியது 1823-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான்.

அதே ஜெனீவா இரவுகளிலிருந்து பிறந்த இன்னொரு கதைக்கும் இதே கதிதான். பைரனின் மருத்துவர் ஜான் பாலிடோரி எழுதிய ‘தி வாம்பயர்’ 1819-ல் அச்சானபோது பைரன் பெயரில் வந்தது. ‘நான் எழுதவில்லை’ என்று பைரனே சொல்ல வேண்டியதாயிற்று. இன்டர்நெட் இல்லாத காலத்திலும் பெயர் மாற்றி ஃபார்வர்டு செய்வது நடந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், அப்போது அச்சாபீஸ் தேவைப்பட்டது.

சிக்கல் 1: ‘நான்’ என்று பேசுவது யார்?

நாவலின் ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால், அதில் ‘நான்’ என்பவர் மூன்று பேரில் யாராகவும் இருக்கலாம்.

வெளிவட்டத்தில் இருப்பவர் ராபர்ட் வால்டன். வடதுருவத்தை நோக்கிக் கப்பலில் போகும் இவர், இங்கிலாந்தில் உள்ள தன் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறார். பனிக்கடலில் அவர் காப்பாற்றும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தன் கதையைச் சொல்ல, வால்டன் எழுதி வைக்கிறார். விக்டரின் கதைக்கு நடுவே, அவர் உருவாக்கிய பெயரில்லாத உயிரினம் தன் கதையைச் சொல்கிறது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. போதாக்குறைக்கு, வால்டன் எடுத்த குறிப்புகளை விக்டர் வாங்கிப் பார்த்து, பல இடங்களில் தானே திருத்துகிறார், கூட்டி எழுதுகிறார். அதாவது அந்த உயிரினத்தின் வார்த்தைகள் நம்மிடம் வருவதற்குள் இரண்டு கை மாறிவிடுகின்றன. அதில் ஒரு கை, அதன் எதிரியுடையது.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு உதாரணம். ஏ.ஐ. விவாதங்களுக்கு வாகாக, அறிவைத் தேடிப் போவதில் உள்ள ஆபத்தைப் பற்றி நாவலில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இப்போது பரவலாகப் படிக்கப்படும் பதிப்பில் அது 4-ம் அத்தியாயம். மேரி ஷெல்லியின் தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் பேசுவது விக்டர். அதே விக்டர் 24-ம் அத்தியாயத்தில், ஊருக்குத் திரும்பலாம் என்று கெஞ்சும் மாலுமிகளைப் பின்வாங்காதீர்கள் என்று உசுப்பேற்றுகிறார். சாகும் தருவாயில் புகழாசை வேண்டாம் என்று புத்தி சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே தான் தோற்ற இடத்தில் வேறொருவர் ஜெயிக்கலாமே என்கிறார். 4-ம் அத்தியாயத்தை மட்டும் எடுத்தால் நாவல் அறிவியலுக்கு எதிரானது. 24-ஐயும் சேர்த்துப் படித்தால், தான் சொன்னதையே கடைசிவரை நம்பத் தெரியாத ஒரு மனிதனின் கதை. ஆசிரியரின் கருத்து, பாத்திரத்தின் கருத்து இரண்டும் வேறு என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் மேற்கோள் படங்களில் முதலில் காணாமல்போவது அதுதான்.

சிக்கல் 2: எந்தப் பதிப்பு?

இதுதான் தேடுபவர்களை அதிகம் அலைய வைப்பது. ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயரில் கடையில் இருப்பது ஒரே நாவல் இல்லை. 1818 பதிப்பு ஒன்று. 1831-ல் மேரி கணிசமாகத் திருத்தி, புதிய அறிமுகவுரை சேர்த்து, ஒரே தொகுதியாக வெளியிட்டது இன்னொன்று. நீண்ட காலம் எல்லோரும் படித்தது 1831 வடிவம். இன்று இரண்டுமே விற்பனையில் இருக்கின்றன.

கதையிலேயே மாற்றங்கள் உண்டு. விக்டர் மணக்கும் எலிசபெத், 1818-ல் அவருடைய சொந்த அத்தை மகள். 1831-ல் ரத்த சம்பந்தமே இல்லை. இத்தாலியில் ஒரு ஏழைக் குடும்பத்திடமிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட பெண். 1818 விக்டர் தானே முடிவெடுத்துத் தப்பு செய்கிறார். 1831 விக்டர் விதியின் மீது பாரத்தைப் போடுவது அதிகம். ஆகவே, விதி தன்னை இழுத்துக்கொண்டு போனதாக விக்டர் புலம்பும் வரி உங்கள் புத்தகத்தில் இல்லையென்றால், மேற்கோள் போலி என்று அவசரப்பட வேண்டாம். உங்களிடம் இருப்பது 1818 பதிப்பாக இருக்கலாம்.

திருக்குறள் என்றால் எண்ணைச் சொன்னால் போதும், புரட்டிவிடலாம். இங்கே அத்தியாய எண்ணே மாறுகிறது. 1818-ல் மூன்று தொகுதிகளில் முறையே 7, 9, 7 அத்தியாயங்கள், ஆக 23. ஒவ்வொரு தொகுதியிலும் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். 1831-ல் முதல் அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்ததால் 24; எண் தொடர்ச்சியாகப் போகும். இரண்டிலும் ஆரம்பத்தில் வால்டனின் நான்கு கடிதங்கள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு எளிய கணக்கு:

• முதல் தொகுதி: 1-ம் அத்தியாயம் 1831-ல் 1, 2 ஆகிவிட்டது. மற்றவற்றுக்கு 1 கூட்டுங்கள். உயிரினம் கண் திறக்கும் காட்சி 1818-ல் முதல் தொகுதி 4-ம் அத்தியாயம், 1831-ல் 5.

• இரண்டாம் தொகுதி: 8 கூட்டுங்கள். பனிமலையில் உயிரினமும் விக்டரும் நேருக்கு நேர் பேசும் 2-ம் அத்தியாயம், 1831-ல் 10.

• மூன்றாம் தொகுதி: 17 கூட்டுங்கள். துணையாக உருவாக்கிய பெண் உடலை விக்டர் பாதியில் சிதைக்கும் 3-ம் அத்தியாயம், 1831-ல் 20.

இந்த 20-ம் அத்தியாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பயமின்மையைத் தன் பலமாகச் சொல்லும் புகழ்பெற்ற வரி இங்கேதான் வருகிறது. தன்னம்பிக்கைப் போஸ்டர்களுக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் நாவலில் அது ஒரு மிரட்டல். தன் கடைசி நம்பிக்கையும் கிழித்தெறியப்பட்டதைப் பார்த்த உயிரினம், பழிவாங்குவேன் என்று விக்டரிடம் சொல்லும் இடம்.

சிக்கல் 3: புத்தகத்தில் இருப்பதெல்லாம் மேரி எழுதியதா?

இல்லை. நாவலே மேற்கோள்களால் நிரம்பியது. 1818 பதிப்பின் தலைப்புப் பக்கத்தில், தன்னைப் படைத்த கடவுளிடம் ஆதாம் கேட்கும் கேள்வி இருக்கும். அது மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் 10-ம் காண்டத்திலிருந்து எடுத்தது. உயிரினத்தைப் பார்த்து மிரண்டு விக்டர் தெருவில் ஓடும் இடத்தில் கோல்ரிட்ஜின் கவிதை வருகிறது. மலைக்காட்சியில் வருவது பெர்சி ஷெல்லியின் கவிதை. நண்பன் ஹென்றி க்ளெர்வலை நினைத்து விக்டர் உருகும் பகுதியில் வேர்ட்ஸ்வொர்த். தேடினால் இவை எல்லாம் ‘ஃபிராங்கன்ஸ்டைனில்’ கிடைக்கும். ஆனால் மேரி எழுதியவை இல்லை.

முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் பகுதிகளிலும் கவனம் தேவை. 1818 முன்னுரை வரி என்றால் அது பெர்சியுடையது. மேரியே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1831 அறிமுகவுரை மேரியுடையது. கதை எப்படிக் கனவு போலத் தோன்றியது என்பதும், தன் புத்தகத்தைப் பெற்ற பிள்ளையைப் போல உலகத்துக்கு வழியனுப்பும் வரியும் அங்கேதான் இருக்கின்றன. நாவலுக்குள் தேடினால் கிடைக்காது. டெல் டோரோ படத்தின் கடைசி வரிக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. அந்தக் கோடையில் பைரன் ‘சைல்ட் ஹெரால்ட்’ மூன்றாம் காண்டத்தை எழுதிக்கொண்டிருந்தார் என்று மேரி இதே அறிமுகவுரையில் குறிப்பிடுகிறார். நாவலில் இல்லாத வரிதான், ஆனால் நாவல் பிறந்த அதே கோடையில் பிறந்த கவிதை.

நாவலின் கைப்பிரதி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ‘ஷெல்லி காட்வின் ஆர்க்கைவ்’ என்ற இணையத் தொகுப்பில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மேரி எழுதியது எது, பெர்சி திருத்தியது எது என்று கையெழுத்தை வைத்துப் பிரித்துக் காட்டுகிறார்கள். பெர்சி சில ஆயிரம் சொற்களை மாற்றியோ சேர்த்தோ இருக்கிறார். அதற்காக நாவலே அவருடையது என்று சொல்ல முடியாது. ஓர் எடிட்டர் செய்யும் வேலையின் அளவுதான் அது. எந்தச் சொல் யாருடையது என்ற கேள்விக்கு இங்கே ஊகம் தேவையில்லை, பக்கத்தையே பார்க்கலாம்.

சிக்கல் 4: சினிமாவில் கேட்டது

மின்னல் வெட்ட, கை அசைய, விஞ்ஞானி வெறி பிடித்தாற்போலக் கத்தும் காட்சி நினைவிருக்கிறதா? அது 1931-ல் வந்த ஜேம்ஸ் வேல் இயக்கிய படம். நாவலில் அந்த வசனம் இல்லை. மின்னல் கோபுரம் இல்லை, கூனல் உதவியாளர் இல்லை. நவம்பர் மாத மழை இரவு, எரிந்து முடியப்போகும் மெழுகுவத்தி, அவ்வளவுதான். விக்டர் கத்தவில்லை, ஓடிப்போய்ப் படுக்கையில் விழுகிறார்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. 1823-ல் லண்டனில் போட்ட நாடகத்திலேயே அந்த உயிரினத்தின் பேச்சைப் பிடுங்கிவிட்டார்கள். 1931 படத்திலும் அது உறுமத்தான் செய்கிறது. நாவலில் அப்படியில்லை. ‘பாரடைஸ் லாஸ்ட்’, புளூட்டார்க்கின் வரலாறுகள், கதேயின் ‘வெர்தர்’ ஆகியவற்றைப் படித்து, பக்கம் பக்கமாக வாதாடுகிறது. ஆகவே, அழகாகத் தர்க்கம் செய்யும் ஒரு வரியைப் பார்த்து ‘இது மான்ஸ்டர் பேசியதாக இருக்காது’ என்று தள்ளிவிட வேண்டாம். பெரும்பாலும் அதுதான் பேசியிருக்கும்.

சாட்பாட்டிடம் கேட்டால் போதாதா?

கேட்கலாம். ஆனால் அது சொல்வதை விடையாக எடுக்காமல், தேட வேண்டிய இடத்துக்கான துப்பாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. சாட்பாட் எல்லா நேரமும் புத்தகத்தைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வதில்லை. அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து எழுதுகிறது. அதனால் நாவலின் நடையிலேயே, நாவலில் இல்லாத வரியை உருவாக்கித் தர அதனால் முடியும். 1818, 1831 எண்களைக் கலந்து சொல்லவும் வாய்ப்பு உண்டு.

நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கு ஒன்றில், சாட்ஜிபிடி கொடுத்த முன்னுதாரணத் தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே தாக்கல் செய்தார்கள். அந்தத் தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை. இவை உண்மைதானா என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டபோது, ஆமாம் என்றது. 2023 ஜூனில் நீதிபதி விதித்த அபராதம் 5,000 டாலர். சாட்சி சொன்னவரிடமே சாட்சி உண்மையா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

சரி, எப்படித் தேடுவது?

ஃபோன் இருந்தால் பத்து நிமிஷ வேலை.

• புத்தகத்தைத் திறங்கள்: காப்புரிமை காலாவதியானதால் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் நாவல் இலவசம். 1818 வடிவம், 1831 வடிவம் இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. முழு நாவலும் ஒரே வலைப்பக்கமாக வரும் வடிவத்தைத் திறந்து, பிரவுசரின் ‘பக்கத்தில் தேடு’ வசதியைப் பயன்படுத்துங்கள். வெறும் டெக்ஸ்ட் ஃபைல் என்றால் வரிகள் நடுவில் உடைக்கப்பட்டிருக்கும். இருக்கும் வாக்கியமும் இல்லை என்று காட்டும்.

• முழு வரியைப் போடாதீர்கள்: கமா, கோட்ஸ், எழுத்துக்கூட்டல் எல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். வரியிலேயே அபூர்வமான ஒன்றிரண்டு சொற்களை மட்டும் போடுங்கள்.

• தமிழில் படித்த வரி என்றால்: அதை நீங்களே ஆங்கிலமாக்கித் தேடினால் கிடைப்பது சிரமம். எந்தச் சம்பவத்தில் வருகிறது என்று யோசித்து, அந்த அத்தியாயத்துக்குப் போய்ப் படியுங்கள்.

• ஒன்றில் இல்லையென்றால் இன்னொன்று: 1831-ல் கிடைக்காவிட்டால் 1818. இரண்டிலும் இல்லையென்றால் முன்னுரை, அறிமுகவுரை. அங்கும் இல்லையென்றால் சினிமாவாகவோ, வேறு கவிஞராகவோ, யாரோ இட்டுக்கட்டியதாகவோ இருக்கலாம்.

• கிடைத்ததும் நிறுத்தாதீர்கள்: முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் படியுங்கள். யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார்? வரி கவிதை போல உள்தள்ளி அச்சாகியிருக்கிறதா? அப்படியென்றால் அது வேறொருவருடையதாக இருக்கலாம்.

• எழுதும்போது நான்கு விஷயங்கள்: பதிப்பின் ஆண்டு, தொகுதி, அத்தியாயம், பேசும் பாத்திரம். பக்க எண் தேவையில்லை. எழுத்தின் அளவை மாற்றினாலே ஃபோனில் பக்க எண் மாறிவிடும்.

நாவலே கேட்கும் ஆதாரம்

இப்படித் துருவித் துருவிப் பார்ப்பது அளவுக்கு மீறிய வேலை என்று தோன்றினால், நாவலுக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. உயிரினம் தன் கதையைச் சொல்லும்போது, தான் ஒளிந்திருந்து பார்த்த குடும்பத்தின் காதல் கடிதங்களை நகல் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. தன் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். தான் சொல்வது உண்மை என்பதற்கு அத்தாட்சியாக அந்த நகல்களை விக்டரிடம் தருவதாகச் சொல்கிறது.

அவை கடைசியில் வால்டன் கைக்கும் வருகின்றன. விக்டர் எவ்வளவு சத்தியம் செய்து சொன்னதையும்விட, அந்தக் கடிதங்களைக் கண்ணால் பார்த்ததும், கப்பலிலிருந்து தூரத்தில் அந்த உருவத்தைப் பார்த்ததும்தான் கதை உண்மை என்று தன்னை நம்ப வைத்ததாக வால்டன் தன் அக்காவுக்கு எழுதுகிறார். 24-ம் அத்தியாயத்தில், விக்டரின் கதை முடிந்து வால்டனின் கடிதம் மறுபடி தொடங்கும் இடம் அது. 1818 பதிப்பு என்றால் மூன்றாம் தொகுதி, 7-ம் அத்தியாயம்.